பழசைக் கொண்டு வாங்க

மாத்தளை திருகோணமலை வீதியில் ஹமீமாவின் கடைக்குள் நுழைகிறவருடைய மூக்கில் முதலில் ஏறுவது றப்பர் வாசனையல்ல, குழந்தைப் பவுடர் வாசனை. கனரக லொறிக்கும் ட்ரெய்லருக்கும் சாமான் விற்கிற இடத்தில் இது எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். உள்ளே எங்காவது தொட்டில் ஆடுகிறதோ என்று சந்தேகம். தொட்டில் இல்லை. மேசைமேல் கழுவித் துடைத்த ஒரு கறுப்பு றப்பர்ப் பை கிடக்கும். ஹமீமா ஒரு துணியில் பவுடரைத் தட்டி அதன் வயிற்றில் தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்க்கத் தேய்க்க, றப்பரில் புடைத்திருக்கும் எழுத்துகளும் இலக்கங்களும் வெள்ளையாக எழும்பி வரும். வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைப் பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பாலர் பாடசாலையில் பெயர் கூப்பிடுகிற குரலில் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தக் குரல் சும்மா வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் வரக்காமுறையில் பாலர் பாடசாலை நடத்தியவர் அவர்.

இந்தப் பைக்கு ஊரில் பெயர் பெலூன். பெரிய ட்ரெய்லர்களில் ஸ்பிரிங் பிளேட்டுக்குப் பதிலாக, சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே காற்றடைத்த இந்தப் பைகள் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. மேலே ஒரு தகடு, நடுவே றப்பர், கீழே குவளையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் அடிக்கட்டை. பாரம் ஏறினால் றப்பர் அடிக்கட்டையின்மேல் சுருண்டு இறங்கும். பாரம் போனால் நிமிர்ந்து ஏறும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. இவ்வளவுதான் அதன் குணம். மனிதர்களோடு பழகியவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது.

கடை உண்மையில் அவருடைய கணவர் ஸக்கரியாவுடையது. அவர் காலத்தில் அங்கே டயரும் டியூபும் இருந்தன. ஸக்கரியா தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. இல்லாத சாமானையும் நாளைக்கு வரும் என்பார். இறக்குமதியை நிறுத்தி வைத்த காலத்தில், துறைமுகத்தில் எதுவும் இறங்காமல் கிடந்தபோது, இந்தக் குணம் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதரிடம் இல்லை என்பதைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. போன் அடித்தால் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். யாராவது அதை எடுக்க வேண்டுமே என்று ஹமீமா எடுத்தார். அன்று கூப்பிட்டவர் ஒரு ட்ரெய்லர்க்காரர். பெலூன் கேட்டார். இல்லை என்று ஹமீமா நேராகச் சொன்னார். அந்த மனிதர், முதன்முதலாக உண்மை சொன்ன கடை இதுதான் என்று, மறுபடியும் மறுபடியும் கூப்பிடத் தொடங்கினார்.

அப்படித் தொடங்கியது. கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் யாரிடம் இருக்கிறது, துபாயில் யார் பழைய ட்ரெய்லர் உடைக்கிறார், சீனாவில் எந்தப் பெண் இரவு பகல் பாராமல் பதில் போடுகிறாள் என்பதெல்லாம் போனிலேயே தெரிய வந்தது. இப்போது மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை ஒரு பெலூன் வெடித்தால், சாரதி முதலில் முதலாளிக்குச் சொல்வான். முதலாளி அடுத்ததாக ஹமீமாவுக்குச் சொல்வார். ஸக்கரியா பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறார். அங்கே இருப்பதும் இல்லாததும் சாக்கில் கண்ணுக்குத் தெரியும் என்பதால் நிம்மதியாக இருக்கிறார்.

குலுங்காமல் போக வைக்கும் சாமானை விற்கிற இந்த மனுஷிக்குச் சக்கரம் உள்ள எதில் ஏறினாலும் குமட்டும். பஸ், வேன், ஆட்டோ என்ற வித்தியாசமெல்லாம் அவருடைய வயிற்றுக்குக் கிடையாது. லொறி ஒன்றுக்குள் இதுவரை ஏறியதில்லை, கீழே குனிந்து பார்த்ததும் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. காரணம், அவரிடம் ஒரு சட்டம் இருந்தது.

பழசைக் கொண்டு வாங்க. அவ்வளவுதான் சட்டம். படம் அனுப்பினால் போதாது, வாயால் சொன்னால் கேட்கவே மாட்டார். வெடித்த பையைக் கழற்றி, கழுவி, மேசையில் வைக்க வேண்டும். பல்லேகமவிலிருந்து ஒருவர் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவருக்கு அது என்னவென்று வழிநெடுக விளக்கிக்கொண்டு வந்து சேர்ந்ததுண்டு. ஹமீமா இலக்கத்தை வாசித்து, ஓட்டைக்கு ஓட்டை அளந்து, அதே மாதிரி ஒன்றை எங்கிருந்தாவது வரவழைப்பார். பஞ்சிகாவத்தை ஷிஹாம், ஆரம்பத்தில் கிட்டத்தட்டப் பொருந்துகிறதை அனுப்பிப் பார்த்தவர். கிட்டத்தட்ட வந்ததெல்லாம் அடுத்த பார்சலிலேயே அவரிடம் திரும்பிப் போயின. இப்போது அவரும் பழசின் இலக்கம் இல்லாமல் அலுமாரியைத் திறப்பதில்லை. சட்டம் ஒரு நாளும் பிழையாகப் போனதில்லை. செல்லச்சாமி வரும் வரை.

செல்லச்சாமி எல்கடுவத் தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் கிளீனராக லொறி ஏறி, படிப்படியாக இருக்கை மாறி, நாவுலயில் சொந்தமாக ஒரு பிரைம் மூவரும் அது இழுக்கிற ஒரு குளிர்ப்பெட்டி ட்ரெய்லரும் வைத்திருக்கிறவர். ட்ரெய்லர் வெளிநாட்டில் யாரோ ஓட்டி முடித்தது. அதில் ஏறுவது தக்காளி. நாவுலத் தக்காளியைப் பிளேட் லொறியில் சாக்கைப் போட்டு அடுக்கிக் கொண்டுபோனால் கொழும்பில் இறங்குவதைச் சட்டினி என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் ஒரு பெரிய கொள்வனவுக் கம்பனி, பெலூன் வைத்த குளிர் ட்ரெய்லரில் கூடையில் வந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தில் அப்படியொன்று வைத்திருந்தவர் செல்லச்சாமி. அவரை நம்பிப் பத்துப் பதினைந்து தோட்டக்காரர்கள் நட்டிருந்தார்கள்.

அந்தப் பருவத்தில் அவருக்கு ஒரே இடத்தில் மூன்று பெலூன்கள் போயின. முதலாவது பழசு, அது போக வேண்டியதுதான். ஹமீமா அதே இலக்கத்தில் ஒன்று தேடிக் கொடுத்தார். அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பாரத்தோடு வரும்போது வெடித்தது என்று சாரதி சொன்னதாகத் தகவல். சரி, சீனத்து றப்பர் மெலிசு என்று நினைத்து, அதே இலக்கத்தில் தடித்த றப்பராகத் துபாயிலிருந்து எடுத்தார். அதுவும் போனது. பாரத்தோடுதான்.

மூன்றாவதைச் செல்லச்சாமியே தூக்கிக்கொண்டு வந்தார். கழுவவில்லை. சேற்றோடு மேசையில் வைத்தார். அந்த வாரம் சனிக்கிழமை கம்பனி ஆள் நாவுலைக்கு வருகிறார் என்றார். அன்று ட்ரெய்லர் ஏற்றிக்கொண்டு ஓடினால் வேலை தனக்கு. நின்றால் தம்புள்ளையில் ஒருத்தருக்கு. கலேவெலையில் ஒரு மெக்கானிக் பாஸ் பெலூனை எல்லாம் கழற்றி வீசிவிட்டுப் பிளேட் போட்டுத் தருவதாகச் சொல்கிறான், போட்டால் வண்டி ஓடும், தக்காளி ஓடாது, போனால் போகட்டும் என்றார். போகட்டும் என்று சொன்ன விதம், வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று சொல்வது போல இருந்தது. ஹமீமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

செல்லச்சாமி தேநீரைக்கூடக் குடிக்காமல் போன பிறகு ஹமீமா பையைத் தானே கழுவினார். இலக்கத்தை வாசிக்கவில்லை, அது மனப்பாடம். கிழிந்த இடத்தைப் பார்த்தார். அடிக்கட்டைக்குச் சற்று மேலே, வளையல் போட்ட மாதிரி சுற்றிவர நைந்து கிழிந்திருந்தது. பின்பக்கம் போட்டிருந்த முந்திய இரண்டையும் இழுத்துப் பார்த்தார். அதே இடம், அதே வளையல். பாரம் தாங்காமல் போகிற பை விலாவில் வெடிக்கும். இப்படி இடுப்பில் போகாது.

மறுநாள் காலையில் ஸக்கரியாவின் மிளகுக் கடை வாசலில் வந்து நின்று, நாவுலைக்குப் போக வேண்டும், வேனை எடுங்க என்றார். ஸக்கரியா தராசிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"மவ்த்து வீடா?"

"இல்ல. ட்ரெய்லரப் பாக்க."

சாவு வீடு அல்லாத ஒன்றுக்கு மனைவி வாகனத்தில் ஏறுகிறார் என்பதை ஜீரணிக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு வேனை, முட்டை ஏற்றியவன் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். சைக்கிளில் போனவர்கள் முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அப்படியும் பலாபத்வெலையில் ஒரு தடவை, நாலந்தைக்குக் கிட்ட ஒரு தடவை வேனை நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஹமீமா முகம் கழுவி, முக்காட்டைச் சரி செய்து, எதுவுமே நடக்காதது போல ஏறி உட்கார்ந்தார்.

செல்லச்சாமியின் வீட்டுக்குப் பக்கத்து வெற்றுக் காணியில் ட்ரெய்லர் நின்றது. அவருடைய மனைவி ரஜனி, ஹமீமாவின் முகத்தைப் பார்த்ததுமே இஞ்சி தட்டிப் பிளேன்டீ போட உள்ளே போனாள். ட்ரெய்லருக்குக் கீழிருந்து சாரதி அழகையா வெளியே வந்தார். ரஜனியின் அண்ணன்; செல்லச்சாமிக்கு மச்சான். ஆள் வாசற்படியை நிறைக்கிற உருவம், மீசை வேறு. ஆனால் தங்கை புருஷனுக்கு முன்னால் பேச்சு வாய்க்குள்ளேயே சுற்றும். தங்கையைக் கட்டிக் கொடுத்தவர், அந்த மாப்பிள்ளையிடமே சம்பளம் வாங்குகிறவர். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது லேசுப்பட்ட வேலையல்ல.

ஹமீமா ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, காற்று ஏற்றச் சொன்னார். அழகையா வெடித்த பையின் காற்றுக் குழாயை அடைத்துவிட்டு எஞ்சினை ஓட விட்டார். ட்ரெய்லர் மெதுவாக, நோயாளி எழும்புகிற மாதிரி, எழும்பி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஹமீமா குனிந்து கீழே பார்த்தார். நாலில் வெடிக்காமல் மிச்சமிருந்த மூன்று பைகளும் தெரிந்தன. அவருக்குத் தெரிந்த பெலூன், மேசையில் இருந்தாலும் படத்தில் இருந்தாலும், கொஞ்சம் சப்பையாக, உட்கார்ந்த மாதிரி இருக்கும். இவை மூன்றும் சின்னப் பிள்ளையின் காலுறையைப் பெரிய மனிதர் காலில் இழுத்து மாட்டிய மாதிரி நீண்டு நின்றன. அடிக்கட்டைக்கு மேலே மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

அவர் நிமிர்ந்து, வெடித்தபோது பாரம் இருந்ததா என்று கேட்டார். அழகையா செல்லச்சாமியைப் பார்த்துக்கொண்டு, பாரத்தோடுதான் என்றார். மூன்று தடவையுமா என்று கேட்டதற்கு, மூன்று தடவையும் என்றார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்த ரஜனி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பாலர் பாடசாலையில் பெஞ்சை யார் உடைத்தது என்று கேட்டால் உடைக்காத பிள்ளைகள்தான் இப்படித் தரையைப் பார்ப்பார்கள் என்பது ஹமீமாவுக்குத் தெரியும்.

அளவு எடுக்க டேப் வேண்டும், நாவுலச் சந்தியில் நல்லதாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்று செல்லச்சாமியையும் ஸக்கரியாவையும் அனுப்பினார். வேனுக்குள் ஒரு டேப் கிடந்தது. ஸக்கரியாவே போட்டு வைத்தது. ஆனாலும் அவர் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நல்ல டேப் இந்தக் காலத்தில் கிடைப்பதே கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு செல்லச்சாமியின் தோளைப் பிடித்து வேனில் ஏற்றினார். இல்லை என்று சொல்ல வராத குணம் சில நேரம் பயன்படும்.

வேன் திரும்பியதும் ஹமீமா சொன்னார்:

"அழகையா அண்ணே, உங்கட குடும்பத்து விஷயம் எனக்கு வேணாம். பை எப்ப போச்சுன்டு மட்டும் சொல்லுங்க. இல்லாட்டி நாலாவதும் போகும். சனிக்கிழமையும் போகும்."

அழகையா கைத்துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"சொல்லித் தொலைங்களேண்ணே," என்றாள் ரஜனி. "அவரு கெடக்காரு."

"காலியா வாரப்பதாங்க," என்றார் அழகையா. "மூணு தடவையும். கொழும்புல எறக்கிட்டு, கலேவெல தாண்டி, அந்தப் பள்ளத்துக்கிட்ட."

"பொறகு ஏன் பாரத்தோடன்டு சொன்ன?" என்றார் ஹமீமா.

"காலியா வாரப்ப வெடிச்சிச்சுன்னா நீ பறந்திருப்பம்பாரு. வண்டி வாங்குன நாளையிலருந்து மாப்ளைக்கு இதே பேச்சு. பாரத்தோடன்னா பழி சாமான் மேல போயிரும், ஆளு மேல வராது."

சாமான் தன்னுடையது என்பது ஹமீமாவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"பறந்தீங்களா?"

அழகையா யோசித்தார்.

"கொஞ்சம்," என்றார்.

ரஜனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கொஞ்சம் போதும். ஹமீமாவுக்கு முழுவதும் விளங்கியது. இந்த ட்ரெய்லருக்கு உரிய பெலூன் உயரமானது. வெளிநாட்டிலோ துறைமுகத்திலோ எவரோ ஒருவர், ஓட்டைகள் பொருந்துகிறதே என்று, குட்டையான அடிக்கட்டை வைத்த பையைப் பூட்டிவிட்டார். பாரம் இருக்கும்போது ட்ரெய்லர் அமர்ந்துகொள்வதால் ஒன்றும் தெரியாது. காலியாக ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் அச்சு கீழே இறங்கும். குட்டைப் பை அதற்கு எட்டாமல் இழுபடும், இடுப்பில் கிழியும். எல்லோரும் பாரத்தைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, பாரம்தான் இத்தனை நாளும் பையைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பழசே பிழையாக இருந்தது. அந்தப் பிழையைத்தான் ஹமீமா பவுடர் போட்டு, எழுத்து எழுத்தாக வாசித்து, இரண்டு நாடுகளிலிருந்து ஒரு மயிரிழை மாறாமல் வரவழைத்துக் கொடுத்திருந்தார். அலட்சியமான கடைக்காரன் ஒருவனிடம் போயிருந்தால், அவன் கிட்டத்தட்ட ஏதாவது கொடுத்து, அது தற்செயலாகச் சரியாகவும் போயிருக்கும்.

டேப் வந்தது. அழகையா கீழே படுத்து அளவு சொல்ல, ஹமீமா போனில் குறித்துக்கொண்டார். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்க வேண்டியதைவிடப் பை நாலு விரற்கடை குட்டை. செல்லச்சாமி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னதான் கோளாறு, சாமானா, ரோட்டா, ஆளா என்று கேட்டார். ஆளா என்னும்போது பார்வை மச்சான் பக்கம் போனது.

"என்ட பிழை," என்றார் ஹமீமா. "நான் தந்த பை இதுக்குச் சரி வராது. உயரம் காணாது."

"நீங்களாவது, பிழை விடுறதாவது. யாரு சொன்னாலும் நம்ப மாட்டாங்கக்கா."

"நான் சொன்னா நம்புவாங்க."

செல்லச்சாமி நம்பவில்லை. தன் மனம் நோகாமல் இருக்க அக்கா ஏதோ சொல்கிறார் என்று எண்ணினார். தன்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்கிறார் என்று அழகையா எண்ணிக் கண் கலங்கினார். ஸக்கரியாவுக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். ஹமீமா சொன்னது அப்பட்டமான உண்மை என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் நாலந்தைக்குக் கிட்ட வேனை நிறுத்தி, முகம் கழுவி, மதகில் உட்கார்ந்தபடியே ஷிஹாமுக்குப் போன் போட்டார். இன்ன ஓட்டை அளவு, இன்ன தகடு, ஆனால் அடிக்கட்டை நாலு விரற்கடை உயரம், நாலு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்றார். ஷிஹாம் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி ராத்தா. பழசுட இலக்கத்த அனுப்புங்களே."

"பழசு பிழை."

லைன் போய்விட்டதோ என்று ஹமீமா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"பழசு எப்பிடி ராத்தா பிழையாகும்?" என்றார் ஷிஹாம் கடைசியில். "நீங்கதானே சொல்லித் தந்த. பழசப் பாக்காம சாமான் குடுக்கிறவன் யாவாரி இல்லன்டு."

"சொன்னதான்."

"அப்ப?"

"இப்ப வேற மாதிரி சொல்றேன்."

ஷிஹாமுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து வருடமாக இந்தச் சட்டத்துக்காக எத்தனை பேரோடு சண்டை பிடித்திருக்கிறார். இலக்கம் இல்லாமல் அனுப்பி, அது பொருந்தாமல் போய், அடுத்த பார்சலிலேயே திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். திரும்பி வராது என்று ஹமீமா சொன்னார். பஞ்சிகாவத்தையில் இந்த வார்த்தையைத் தினமும் இருபது பேர் சொல்கிறார்கள், இருபது பேரையும் நம்பக் கூடாது என்று சொன்னவரும் ராத்தாதான் என்று அவர் ஞாபகப்படுத்தினார். பக்கத்தில் நின்ற ஸக்கரியா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். முகத்தில் எதையும் காட்டாமலிருக்க அவர் மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் யாரோ ஒருவர் ஹமீமாவிடம் இல்லை என்று சொல்வதை அவர் அன்றுதான் கேட்கிறார்.

கடைசியில் ஷிஹாம் இறங்கி வந்தார். பேலியகொடையில் கண்டெய்னர் ட்ரெய்லர் உடைக்கிற ஒரு யார்டில் அந்த உயரத்தில் பெட்டி பிரிக்காத நாலு பை கிடந்தது. ஹமீமா உடனே அனுப்பச் சொல்லவில்லை. காற்றடித்து, பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, முழு உயரத்துக்கும் இழுத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். கல்யாணப் பொண்ணைக்கூட இத்தனை கோணத்தில் எடுக்கவில்லை என்று ஷிஹாம் குரல் பதிவில் முறைப்பட்டார். வீடியோவை ஹமீமா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தொடாமல், கழுவாமல், இலக்கம் வாசிக்காமல் வாங்கிய முதல் பெலூன்கள் அவை. கொழும்பு மெனிங் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டுத் தம்புள்ளைக்குத் திரும்புகிற ஒரு லொறியில் வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை பகல், ஊரில் பாதிப் பேர் ஜும்மாவில் இருந்த நேரத்தில், அழகையா பூட்டி முடித்துப் படம் அனுப்பினார். பைகள் கொஞ்சம் சப்பையாக, உட்கார்ந்த மாதிரி இருந்தன.

சனிக்கிழமை கம்பனி ஆள் வந்தார். பெலூனை அவர் பார்க்கவேயில்லை. குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தார், ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தார், இன்றைக்கே இரண்டு லோடு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் செல்லச்சாமி. இரண்டு லோடும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பருவம் முழுக்க உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். ட்ரெய்லர் முதல் லோடோடு கிளம்பியது. செல்லச்சாமியும் சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு தக்காளி நசியவில்லை என்று ரஜனி போன் பண்ணிச் சொன்னபோது ஸக்கரியா மிளகுக் கடையிலிருந்து ஓடி வந்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். வாகனக்காரர்கள் எல்லாரும் பாரம் ஏறியதும் பயப்படத் தொடங்குவார்கள்; ஹமீமாவோ பாரம் இறங்கிவிட்டது என்று கேட்டதும் பயப்படத் தொடங்கினார். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து வைத்த பையை ஏதோ நினைவில் இரண்டு தடவை கழுவினார்.

பின்னேரம் போன் அடித்தது. செல்லச்சாமியின் இலக்கம், ஆனால் குரல் அழகையாவுடையது. தான் ஓட்டுவதால் போனை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றார். பின்னால் வெறும் கூடைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, கலேவெல தாண்டிட்டோம். ஒரு வார்த்த சொல்லுங்க. நான் மெதுவா வாரேன், இவரு மிதி மிதிங்கிறாரு."

"காலி வண்டிதானே மச்சான்," என்றது செல்லச்சாமியின் குரல். "ரெண்டாவது லோடு அங்க வெயில்ல காயுது. நீ என்னான்னா மாட்டு வண்டி ஓட்டுற."

"நான் பறந்தா இவரு பேசுறாரு. பறக்காட்டியும் பேசுறாரு. கேளுங்கக்கா."

"செல்லச்சாமி அண்ணே," என்றார் ஹமீமா, "பைக்கு ஒன்டும் ஆகாது. ஆனா மெதுவா வாங்க."

"ஒண்ணும் ஆகாதுன்னா ஏங்க்கா மெதுவா?"

நியாயமான கேள்வி. ஹமீமா பதில் யோசிப்பதற்குள் போனில் ஒரு பெரிய சத்தம். அத்தனை கூடையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்த சத்தம். செல்லச்சாமி ஏதோ ஒரு சாமியின் பெயரைச் சொன்னார். அப்புறம் எஞ்சின் இரைச்சல் மட்டும். ஹமீமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காற்றுச் சீறும் சத்தம் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார். வரவில்லை.

"அதே பள்ளந்தான்," என்றார் அழகையா. "தாண்டிட்டோம்."

"பை?"

"கண்ணாடியில பாக்குறேன். ட்ரெய்லரு ஒரு பக்கமும் சாயாம நேரா வருதுக்கா."

"பொறகு பாக்கலாம் மச்சான்," என்றார் செல்லச்சாமி. "மிதி."